சொல்லாமல் வந்த பிரபு

சனிக்கிழமை மாலை வந்தால் அந்த விடுதியில் காவலாட்களுக்கு ஓய்வு. அவர்களுக்கு ஓய்வு கிடைக்க வேண்டுமானால் நோயாளிகள் எழுந்து நடமாடக் கூடாது அல்லவா? ஆகவே நோயாளிகள் பலரை நிர்வாணமாக்கி, வைக்கோல் பரப்பிய மரப்பெட்டிகளில் கிடத்தி, கையையும் காலையும் சங்கிலியால் பிணைத்து, மேலே ஒரு கம்பளியைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஞாயிறு முழுவதும் அப்படியே கிடக்க வேண்டும். மலஜலம் எல்லாம் அதே வைக்கோலில்தான். திங்கட்கிழமை காலையில் சங்கிலியை அவிழ்த்து, முற்றத்துக்கு இழுத்துச் சென்று, தொட்டியிலுள்ள குளிர்ந்த நீரைக் கொண்டு, தரை துடைக்கும் துடைப்பத்தால் கழுவி விடுவார்கள். பனி உறைந்து கிடக்கும் நாளானாலும் இதே கதிதான்.

இது நடந்தது செல்வம் கொழித்த லண்டன் மாநகரில், பெத்னல் கிரீன் என்ற பகுதியில். மனம் பேதலித்த ஏழைகளை வைத்துக் காப்பாற்றுவதாகச் சொல்லி, தலைக்கு இவ்வளவு என்று வாரா வாரம் பணம் வாங்கிக்கொண்டு நடத்தப்பட்ட தனியார் விடுதி அது. 1827-ம் ஆண்டு பார்லிமெண்டு நியமித்த ஒரு கமிட்டியின் முன் இந்த உண்மைகள் சாட்சியமாக வெளிவந்தன. கேட்டுக்கொண்டிருந்த அங்கத்தினர்களில் ஒருவர் 26 வயது இளைஞர். மற்றவர்களைப் போல அவரும் வருத்தப்பட்டார். ஆனால் வருத்தப்பட்டதோடு அவர் நிற்கவில்லை. அடுத்த ஆண்டு முதல் தம் கடைசி மூச்சு வரை, 57 ஆண்டுகள், இத்தகைய விடுதிகளைச் சோதனையிடும் வேலையை ஒரு நாளும் விடவில்லை. அவர்தான் பின்னாளில் ஏழாவது ஷாப்ட்ஸ்பரி பிரபு என்று உலகம் அறிந்த ஆண்டனி ஆஷ்லி கூப்பர்.

பிரபு வீட்டுப் பிள்ளை

1801 ஏப்ரல் 28-ந் தேதி லண்டனில் அவர் பிறந்தார். தந்தை பிரபு வம்சம். தாய் மார்ல்பரோ பிரபுவின் மகள். வீட்டில் எதற்கும் குறைவில்லை, அன்பைத் தவிர. பெற்றோர் பிள்ளைகளைக் கண்டிப்பதோடு சரி, கொஞ்சியதில்லை. சிறுவனை மடியில் வைத்துக் கதை சொல்லி, பிரார்த்தனை சொல்லிக் கொடுத்து வளர்த்தவள் மரியா மில்லிஸ் என்ற பணிப்பெண்தான். அவள் இறக்கும்போது தன்னுடைய தங்கக் கடிகாரத்தைச் சிறுவனுக்கு விட்டுச் சென்றாள். எத்தனையோ விலையுயர்ந்த கடிகாரங்கள் வாங்கக்கூடிய அவர், கிழவரான பின்பும் அந்தப் பணிப்பெண்ணின் கடிகாரத்தையே சட்டைப் பையில் வைத்திருந்தார்.

ஏழு வயதில் அவரை சிஸ்விக் என்ற இடத்திலிருந்த தங்கிப் படிக்கும் பள்ளியில் சேர்த்தார்கள். பெரிய இடத்துப் பிள்ளைகள் படித்த பள்ளிதான். ஆனால் உள்ளே அழுக்கும், பெரிய பையன்களின் கொடுமையும், ஆசிரியர்களின் அலட்சியமும் நிறைந்திருந்தன. அந்த இடத்தை நினைத்தாலே அவருக்கு வயோதிகத்திலும் உடல் நடுங்கும். கதவு மூடிய ஒரு விடுதிக்குள், வெளியிலிருந்து யாரும் எட்டிப் பார்க்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை அவர் முதலில் கற்றுக்கொண்டது புத்தகத்திலிருந்து அல்ல, தம் சொந்த உடம்பிலிருந்து.

பிறகு ஹாரோ பள்ளி. அங்கே ஒரு நாள் மலைச் சரிவில் நடந்துகொண்டிருந்தபோது, குடிவெறியில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்த சிலர் ஒரு ஏழையின் சவப்பெட்டியைத் தூக்கி வந்து கீழே போட்டுவிட்டதைக் கண்டார். அழுவதற்கு ஒருவரும் உடன் வரவில்லை. ஏழையாய்ப் பிறந்த ஒரே காரணத்தால் ஒரு மனிதனுக்கு இந்தக் கதியா என்று சிறுவன் திகைத்து நின்றான். ஏழைகளுக்காக உழைப்பது என்ற தீர்மானம் அன்றே பிறந்தது என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்ததுண்டு. ஆக்ஸ்போர்டில் 1822-ல் முதல் வகுப்பில் தேறி, 1826-ல் பார்லிமெண்டு அங்கத்தினர் ஆனார்.

பல் இல்லாத சட்டம்

விடுதிகளைச் சோதிக்க அதற்கு முன் சட்டமே இல்லையா? இருந்தது. 1774-ம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. தனியார் விடுதிகளுக்கு லைசென்சு வேண்டும் என்றது அது. லண்டன் வைத்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஐந்து டாக்டர்கள் ஆண்டுக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்றும் விதித்தது. ஆனால் போய்ப் பார்த்தவர்கள் கேடு கண்டால் என்ன செய்யலாம்? லைசென்சை மறுக்கவோ பறிக்கவோ அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. தவறு செய்தவர்களின் பெயரை எழுதி, சங்கக் கட்டடத்தின் ஓர் அறையில் தொங்கவிடலாம், அவ்வளவுதான். யார் போய்ப் படிப்பார்கள்? ஏழைகளை அரசாங்கப் பணத்தில் அனுப்பிவைத்த இடங்களுக்கோ அந்தச் சட்டத்தின் பாதுகாப்பும் முழுமையாக எட்டவில்லை.

1828 பிப்ரவரியில் ராபர்ட் கார்டன் என்ற அங்கத்தினர் புதிய மசோதாவைக் கொண்டுவந்தார். அதை ஆதரித்துப் பேச எழுந்தார் ஆஷ்லி. சபையில் அவருடைய முக்கியமான முதல் பேச்சு அது. பேச்சு அப்படியொன்றும் பிரமாதமாக அமையவில்லை. குரல் அவ்வளவு மெல்லியதாக இருந்ததால் மேல் மாடத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றுமே கேட்கவில்லை! ஆனால் மசோதா சட்டமாயிற்று.

புதிய சட்டத்துக்குப் பல் இருந்தது. லண்டன் வட்டாரத்துக்குப் பதினைந்து கமிஷனர்கள். அவர்களில் ஐந்து பேர் டாக்டர்கள். ஒவ்வொரு விடுதியையும் ஆண்டுக்கு நான்கு முறை பார்க்க வேண்டும். மோசமான விடுதியின் லைசென்சைப் பறிக்க வழி உண்டு. நூறு நோயாளிகளுக்கு மேல் இருந்தால் டாக்டர் அங்கேயே குடியிருக்க வேண்டும். சொந்தப் பணத்தில் வைக்கப்படும் ஒருவரை உள்ளே அடைக்க இரண்டு டாக்டர்களின் சான்று வேண்டும். சம்பளமில்லாத கமிஷனர்களில் ஒருவராக ஆஷ்லி நியமிக்கப்பட்டார். 1830-களில் தலைவரும் ஆனார்.

காது அடைத்த அறை

அதே 1828-ல் இந்திய விவகாரங்களைக் கவனித்த கட்டுப்பாட்டு போர்டிலும் அவருக்கு ஒரு பதவி கிடைத்திருந்தது. பெரிய பதவிகளுக்கு ஏறிப் போக வழி திறந்திருந்த காலம். அந்த நாளில்தான் அவர் நாற்றம் பிடித்த விடுதிகளின் படியேறினார்.

ஆரம்ப நாட்களில் நுழைந்த ஓர் அறையைப் பற்றிப் பல ஆண்டுகளுக்குப் பிறகு பார்லிமெண்டுக் கமிட்டியின் முன் அவர் சாட்சி சொன்னார். சுமார் 150 பேர் ஒரே அறையில். பெரும்பாலோர் சுவரோடு சங்கிலியில். கூச்சலும் அலறலும் சேர்ந்து, சோதிக்கப் போனவர்கள் பக்கத்தில் நின்றவர் பேசுவதைக்கூடக் கேட்க முடியவில்லை.

இவ்வளவு பேரைச் சங்கிலியில் வைக்காவிட்டால் விடுதியை நடத்தவே முடியாது என்பது விடுதிக்காரர்களின் வாதம். அனுபவசாலிகள் சொல்வதை எப்படி மறுப்பது என்று பலரும் தயங்கினார்கள். அதை மறுத்தது விவாதமல்ல. காலாண்டுக்கொருமுறை நடந்த சோதனை. பெத்னல் கிரீன் விடுதியிலேயே, சங்கிலியில் கிடந்த பெருங்கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. 1844-ல் நூற்றுக்கணக்கான நோயாளிகள் இருந்த அந்த இடத்தில் கட்டி வைக்கப்பட்டவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரே. நோய் மாறவில்லை, நோயாளிகளும் புதிய ஜாதி அல்ல. பார்ப்பதற்கு ஆள் வந்தார்கள் என்பதுதான் வித்தியாசம். இதற்கிடையே லிங்கன் நகரத்து ஆஸ்பத்திரியிலும், 1839 முதல் ஹான்வெல் விடுதியில் டாக்டர் ஜான் கானலியும் சங்கிலியை அடியோடு விலக்கி நடத்திக் காட்டியது கமிஷனுக்குப் பெரிய பலமாயிற்று.

நாடெங்கும் நடந்த சோதனை

லண்டன் திருந்தினால் போதுமா? 1842-ல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் சுற்றிப் பார்க்கக் கமிஷனுக்கு அதிகாரம் கிடைத்தது. டாக்டர் ஒருவர், வக்கீல் ஒருவர் என்று ஜோடி சேர்ந்து ஊர் ஊராகப் போனார்கள். 1844-ல் வெளியான அறிக்கை நாட்டையே உலுக்கியது. ஏறக்குறையப் பாதி மாவட்டங்களில் ஏழை நோயாளிக்குப் பொது விடுதியே இல்லை. வேல்ஸ் நாட்டு ஏழைகளின் நிலையோ இன்னும் பரிதாபம். அவர்களுக்கு வேல்ஸ் மொழி ஒன்றுதான் தெரியும். அவர்களை இங்கிலாந்து விடுதிகளுக்கு அனுப்பினால் காவலாள் சொல்வது அவர்களுக்குப் புரியாது. அவர்கள் அழுவது ஏன் என்று காவலாளுக்குப் புரியாது. பிறகு வடக்கு வேல்ஸில் டென்பி என்ற ஊரில் 1848-ல் தனி விடுதி எழுந்தது.

1844 ஜூலையில் ஆஷ்லி இந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு சபையில் பேசினார். மெல்லிய குரலில் தடுமாறிய பழைய இளைஞர் அல்ல அவர் இப்போது. அடுத்த ஆண்டே இரண்டு சட்டங்கள் வந்தன. ஒவ்வொரு மாவட்டமும் ஏழை நோயாளிகளுக்கு விடுதி கட்டியே ஆக வேண்டும் என்றது ஒன்று. நிரந்தரமான கமிஷன் ஒன்றை நாடு முழுவதற்கும் அமைத்தது மற்றொன்று. சம்பளம் பெறும் கமிஷனர்கள் ஆறு பேர்: மூன்று டாக்டர்கள், மூன்று வக்கீல்கள். சம்பளமில்லாதவர்கள் ஐந்து பேர். தலைவர் ஆஷ்லி, சம்பளமில்லாமல்.

என்ன பார்த்தார்கள்?

இந்தக் கமிஷன் வேலை செய்த முறை இன்றைக்கும் படித்துப் பார்க்கத் தகுந்தது. லைசென்சு கேட்பவர் முதலில் கட்டடத்தின் வரைபடத்தைக் கொடுக்க வேண்டும். எந்த அறை எத்தனை அடி நீளம், அகலம், அதில் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும். சோதிக்க வருகிறவர்கள் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வர வேண்டியதில்லை. இரவிலும் வரலாம். எந்தக் கதவையும் திறக்கச் சொல்லலாம். ஓர் அறையையோ ஒரு நோயாளியையோ மறைத்து வைத்தால் அதுவே குற்றம்.

லண்டன் விடுதிகளுக்கு ஆண்டில் நான்கு முறை, வெளியூர்த் தனியார் விடுதிகளுக்கு இரண்டு முறை, மாவட்டப் பொது விடுதிகளுக்கு ஒருமுறையாவது சோதனை. படுக்கை, சாப்பாடு, கணப்பு, குளிக்கும் வசதி எல்லாவற்றையும் பார்ப்பார்கள். யாரையாவது கட்டிப் போட்டிருந்தால், தனியே அடைத்திருந்தால், எதற்காக, எவ்வளவு நேரம் என்பது பதிவேட்டில் இருக்க வேண்டும். கண்டதை அங்கேயே வைத்திருக்கும் புத்தகத்தில் எழுதிவிட்டு வருவார்கள். அதன் நகல் தலைமை ஆபீசுக்குப் போய்ச் சேரும். அடுத்த முறை வருகிறவர், போன முறை சொன்ன குறை தீர்ந்ததா என்று அதே புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பார். தகுந்த காரணமின்றித் தனியார் விடுதியில் ஒருவர் அடைபட்டிருப்பதாகத் தோன்றினால், ஏழு நாள் இடைவெளி விட்டு இரண்டு முறை பார்த்து, விடுதலை செய்ய உத்தரவிடலாம்.

பெரிய இடத்துக் கதவு

சின்ன விடுதிக்காரனை மிரட்டுவது எளிது. பெரிய இடத்தில் கை வைப்பதுதான் சோதனை. பெத்லெம் ஆஸ்பத்திரி பல நூற்றாண்டுப் பழமை வாய்ந்தது. ராஜ சாசனம் பெற்றது. அதன் நிர்வாகிகள் செல்வாக்கு மிக்கவர்கள். 1845 சட்டம் அதற்கு மட்டும் விலக்கு அளித்திருந்தது. ஆனால் அங்கிருந்து வேறு இடத்துக்கு மாற்றப்பட்ட நோயாளிகளின் நிலையைக் கண்டு புகார்கள் கிளம்பின. உள்நாட்டு மந்திரியின் உத்தரவு பெற்று 1851-ல் கமிஷன் உள்ளே நுழைந்தது. பெண் நோயாளிகளை வைக்கோலில் படுக்கவைத்திருந்த சங்கதிகள் வெளிவந்தன. நிர்வாகிகள் கொதித்தார்கள். ஆனாலும் 1853-ல் விலக்கு ரத்தாகி, பெத்லெமும் மற்ற விடுதிகளைப் போலச் சோதனைக்கு உட்பட்டது.

சொந்த வீட்டில்

1851-ல் தந்தை காலமாக, ஆஷ்லி ஏழாவது ஷாப்ட்ஸ்பரி பிரபு ஆனார். ஊரார் குடிசையைப் பற்றிப் பேசுகிறவர் தம் சொந்தப் பண்ணையாட்களின் குடிசையைப் பார்த்தாரா என்று எதிரிகள் நெடுநாளாகக் கேலி செய்து வந்தனர். போய்ப் பார்த்தார், கேலி பொய்யல்ல என்று கண்டார். எஸ்டேட் கடனில் மூழ்கியிருந்த நிலையிலும் மேலும் கடன் வாங்கிப் புதிய வீடுகள் கட்டினார். கடைசி வரை பணக் கஷ்டம் அவரை விடவில்லை.

மனைவி எமிலியுடன் அவருடைய இல்வாழ்க்கை இனிமையானது. பத்துக் குழந்தைகள். அவர்களில் மாரிஸ் என்ற மகனுக்கு வலிப்பு நோய். சுவிட்சர்லாந்தில் லோசான் நகரில் பிறர் பராமரிப்பில் அவனை விட வேண்டியதாயிற்று. 1855-ல் அங்கேயே அவன் இறந்தான். பெற்ற பிள்ளையை அந்நியர் கையில் ஒப்படைத்துவிட்டு, இந்நேரம் அவனை எப்படி நடத்துகிறார்களோ என்று தவிக்கும் மனம் எப்படிப்பட்டது என்பது தலைவர் நாற்காலியில் இருந்தவருக்கே தெரிந்திருந்தது.

புகைக்கூண்டுச் சிறுவன்

சுரங்கத்துக்குள் பெண்களையும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் இறக்கக் கூடாது என்ற 1842 சட்டம் அவருடைய முயற்சியின் பலன். ஆலைகளில் பெண்களுக்கும் இளையோருக்கும் பத்து மணி நேர வேலை என்ற 1847 சட்டத்துக்காகவும் ஆண்டுக்கணக்கில் போராடினார். புகைக்கூண்டுக்குள் சிறுவர்களை ஏற்றிச் சுத்தம் செய்வதைத் தடுக்க 1840-லும் 1864-லும் சட்டங்கள் வந்தன. ஆனால் மீறியவரைப் பிடிப்பது யார் பொறுப்பு என்பது இல்லை. சட்டம் ஏட்டில் தூங்கியது. 1875-ல் கேம்பிரிட்ஜ் அருகே புல்போர்ன் என்ற இடத்தில் ஜார்ஜ் புரூஸ்டர் என்ற சிறுவன் புகைக்கூண்டில் சிக்கி மாண்டான். அந்தப் புகைக்கூண்டு எந்தக் கட்டடத்தினுடையது? மனநோயாளிகளுக்கான மாவட்ட விடுதியினுடையது! 74 வயதுக் கிழவர் மீண்டும் எழுந்தார். புகைக்கூண்டு துடைப்பவர் ஒவ்வொருவரும் போலீசில் லைசென்சு பெற வேண்டும் என்று அதே ஆண்டு சட்டம் வந்தது. அதன் பிறகுதான் சிறுவர்களை ஏற்றுவது ஒழிந்தது.

அவருக்கும் குறைகள் உண்டு

கமிஷன் செய்ததெல்லாம் சரி என்று சொல்வதற்கில்லை. பிரதம மந்திரியாயிருந்த ஸ்பென்சர் பெர்சவலின் மகன் ஜான் பெர்சவல், ஒரு காலத்தில் தாமே இத்தகைய விடுதியில் அடைபட்டுத் துன்பப்பட்டவர். அவரும் நண்பர்களும் 1845-ல் ஒரு சங்கம் அமைத்து, கமிஷனர்கள் கட்டிலையும் கணப்பையும் பார்க்கிறார்களே தவிர நோயாளி சொல்வதைப் பொறுமையாகக் கேட்பதில்லை என்று குறை கூறினர். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆறு சம்பள அதிகாரிகள் ஒரு நாடு முழுவதும் எத்தனை பேர் சொல்வதைத்தான் கேட்க முடியும்? மேலும், நோய் தீர்க்க என்று கட்டிய மாவட்ட விடுதிகள் நாளடைவில் நிரம்பி வழிந்து, ஜனங்களைக் கொண்டுபோய்த் தள்ளும் இடங்களாயின. ஒருவரை அடைக்குமுன் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும் என்ற யோசனையை ஷாப்ட்ஸ்பரி கடுமையாக எதிர்த்தார். வைத்தியம் தாமதமாகும் என்பது அவர் அச்சம். 1885-ல் அந்த மசோதா வந்தபோது தலைவர் பதவியை ராஜினாமா செய்தார். மந்திரி சபை கவிழ்ந்து மசோதா நின்றதும் ராஜினாமாவைத் திரும்பப் பெற்றார். ஆனால் அவர் மறைந்த பின் 1890-ல் மாஜிஸ்திரேட் உத்தரவு சட்டமாகவே ஆயிற்று.

1885 அக்டோபர் 1-ந் தேதி போக்ஸ்டன் என்ற கடற்கரை ஊரில் அவர் உயிர் பிரிந்தது. அப்போதும் அவர் கமிஷனின் தலைவர்தான். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் நடந்த இறுதி வழிபாட்டுக்குப் பிரபுக்களோடு பூ விற்பவர்களும், ஜோடு துடைக்கும் பையன்களும், தள்ளுவண்டிக்காரர்களும் திரண்டனர். அந்தப் பெருமை வாய்ந்த இடத்தில் புதைக்க அவர் சம்மதித்திருக்கவில்லை. சொந்தக் கிராமத்தில் அடக்கமானார். லண்டன் பிக்கடில்லி சந்திப்பில் வில்லேந்தி நிற்கும் இறக்கை முளைத்த சிலை, 1893-ல் அவர் நினைவாக எழுப்பியது. தினமும் அதைக் கடந்து போகிறவர்களில் பலருக்கு அது யாருக்காக வைத்தது என்றே தெரியாது.

நம் நாட்டுக்கு

இங்கிலாந்து முறையைப் பின்பற்றி 1858-ல் இந்தியாவிலும் ஒரு சட்டம் வந்தது. விடுதிகளைப் பார்வையிட அதிலும் ஏற்பாடு இருந்தது. 1987-ல் இயற்றிய சட்டம் தனியார் மனநல விடுதிகளுக்கு லைசென்சு வேண்டும் என்றது. சட்டம் அமலில் இருந்தபோதே, 2001 ஆகஸ்டு 6-ந் தேதி விடியுமுன், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு விடுதியின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். பிறகுதான் அரசாங்கம் அங்கிருந்த விடுதிகளை மூடியது; உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 2017-ம் ஆண்டுச் சட்டம் சங்கிலியை அறவே தடை செய்கிறது. ஒவ்வொரு விடுதியையும் மூன்றாண்டுக்கொருமுறை தணிக்கை செய்ய வேண்டும் என்கிறது.

பெத்னல் கிரீன் சங்கிலிக்கும் ஏர்வாடிச் சங்கிலிக்கும் இடையே 174 ஆண்டுகள். சங்கிலி ஒன்றுதான். அதை அவிழ்க்க ஷாப்ட்ஸ்பரி கண்ட வழியும் ஒன்றுதான்: சொல்லாமல் போவது, கதவைத் திறக்கச் சொல்வது, கண்டதை எழுதி வைப்பது, மறுபடியும் போவது. பெற்றோரையோ பிள்ளையையோ விடுதியில் விட்டிருக்கும் குடும்பம் ஒவ்வொன்றும், அப்படி ஒருவர் இந்த வாரம் அங்கே போயிருப்பாரா என்று கேட்க உரிமை உண்டு.